திரைக்குப் பின்னால் நின்ற பெட்டி

விலாவில் விழுந்தது ஊமையடி. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் உள்ளே யாரோ உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார்கள். பாதி மூச்சு இழுத்து, அந்தப் பாதியையே வெளியே விட்டுக்கொண்டு, கல் உடைக்கும் ஆலையின் கன்ட்ரோல் ரூம் தரையில் உட்கார்ந்திருந்தான் கம்ப்யூட்டர்.

அவனை அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கன்வேயர் பெல்ட்டை ஓட்டவும் நிறுத்தவும் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் அவன்.

அடித்தவன் ஃபிட்டர். பஸ்ஸை விட்டு இறங்கிப் பையைத் தோளில் சரிசெய்வதற்குள் மண்வெட்டிக் காம்பு வந்துவிட்டது. எதற்கு என்று கம்ப்யூட்டர் கேட்கவில்லை. நேற்று மத்தியானம் ஃபிட்டரின் தம்பியை பெல்ட் இழுத்துவிட்டது. உருளைக்கு அடியில் சிக்கிய கல்லை எடுக்கக் கையை விட்டான். கல் வரவில்லை, கை போனது. பாரம் ஏறினால் பெல்ட் தானாக நிற்க வேண்டும். அதற்குத்தான் புரோகிராம். நிற்கவில்லை. களத்தின் அந்தக் கோடியில் இருக்கும் மெயின் ஸ்விட்ச் அறைக்கு ஃபிட்டர் ஓடிப்போய்க் கைப்பிடியை இறக்குவதற்குள், தம்பியின் வலது கை முழங்கை வரை உருளையோடு சுற்றி முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கையை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரி," என்றான் ஃபிட்டர். கையில் இப்போது காம்பு இல்லை. பெரிய ஸ்பேனர் இருந்தது. "உன் மெஷின் ஏன் நிக்கலைன்னு எனக்குத் தெரியணும். போலீஸ் வர்றதுக்குள்ள தெரியணும்."

"பார்க்கிறேண்ணே. பார்த்துத்தானே சொல்ல முடியும்."

"பாரு. நீ எழுதினதுல தப்புன்னா உன் கையை இதே பெல்ட்டுல வைப்பேன். தப்பு உன்னோடது இல்லைன்னா, யாரோடதுன்னு சொல்லு, அவன் கையை வைப்பேன். எப்படியும் இன்னைக்கு ஒரு கை போகணும்."

"என் கையை வைக்கிறதா இருந்தா வச்சுக்கோ," என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நேத்துல இருந்து எல்லாரும் அதைத்தானே கேக்குறீங்க."

அது ஆபரேட்டர் அக்கா. மெஷின் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பெல்ட்டை ஓட்டுகிறவள். மேலுதடு வீங்கி மூக்கை முட்டிக்கொண்டிருந்தது. தம்பியின் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அறைந்தது. அவள் சீட்டில் தூங்கிவிட்டாள் என்று முதலாளி போலீசில் சொல்லியிருந்தார்.

"நான் அமுக்கினேன்," என்றாள் கம்ப்யூட்டரைப் பார்த்து. "திரையில இருக்கிற நிறுத்துப் பட்டனை அமுக்கு அமுக்குன்னு அமுக்கினேன். அது கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாம உக்காந்திருந்துச்சு. இதைச் சொன்னா ஒருத்தனும் நம்பலை. தூங்கினாளாம்! இந்த இரைச்சல்ல பொணம் கூடத் தூங்காது."

ஃபிட்டர் அவளை ஒருமுறை பார்த்தான். நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. ஸ்பேனரால் கதவைக் காட்டாமல் நாற்காலியைக் காட்டினான்.

கம்ப்யூட்டர் சுவரைப் பிடித்து எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தான். திரையில் நேற்றைய மத்தியானம் அப்படியே நின்றது. போலீஸ் பெல்ட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. உருளையைப் படம் எடுத்திருந்தது. கம்ப்யூட்டர் மெஷினை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கன்ட்ரோல் ரூமுக்குத் தனி லைன் என்பதால் மெயினை இறக்கிய பிறகும் அது அணையாமல் இருந்தது. பச்சை நிறத்தில் பெல்ட்டின் படம். மேலே முதலாளியின் முகம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. மூலையில் கடிகாரம் விபத்து நடந்த நிமிஷத்தில் நின்றிருந்தது.

"கீபோர்டு எங்கே?"

"டிராயர்ல," என்றாள் அக்கா. "சாவி முதலாளிகிட்ட. கீபோர்டு இருந்தா நான் சீட்டு விளையாடுவேனாம். ஒரு வருஷமா மவுஸ் மட்டும்தான்."

ஃபிட்டர் ஸ்பேனரை டிராயர் இடுக்கில் விட்டு ஒரு நெம்பு நெம்பினான். மரம் பிளந்து ஒரு சிராய் பறந்து அவன் கன்னத்தையே கீறியது. துடைத்துக்கொள்ளவில்லை. கீபோர்டை மேஜையில் எறிந்தான்.

கம்ப்யூட்டர் மவுஸைப் பிடித்து நிறுத்துப் பட்டனை ஒருமுறை தட்டினான்.

டிங்.

சின்னச் சத்தம். திரையின் முதுகில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. கல் அரைபடும்போது இந்த அறையில் ஆள் கத்தினாலே கேட்காது. இது எங்கே கேட்கும். இப்போது ஆலை செத்துக் கிடந்ததால் கேட்டது. விலா வலி போன இடம் தெரியவில்லை.

அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். புரோகிராம் சாகவில்லை. அது யாரிடமோ ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வரும்வரை வேறு எந்தப் பட்டனையும் தொட விடாது. தொட்டால் டிங் என்று தடுக்கும். அப்படியானால் எங்கேயோ ஒரு பெட்டி திறந்து நிற்கிறது. ஆனால் திரையில் பெட்டி எதுவும் இல்லை.

இல்லாமல் என்ன. பின்னால் இருக்கிறது. ஆபரேட்டர் வேறு எதையும் பார்க்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே என் புரோகிராம்தான் நிற்கணும் என்று முதலாளி சொன்னார்; இவனும் அப்படியே வைத்துக் கொடுத்தான். திரை முழுக்க மூடிய ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் யார் நின்று கதவைத் தட்டினாலும் தெரியாது.

"என்ன சத்தம்?" என்றான் ஃபிட்டர்.

"பார்க்கிறேன்."

கீபோர்டில் இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கினான். திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாம் தபால்தலை அளவில் வரிசையாக வந்தன. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. இரண்டாவது சின்ன வெள்ளைப் பெட்டி. அதில் இருந்த இங்கிலீஷ் வாசகத்தைப் படிக்க அவனுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. பார்த்ததுமே தெரிந்தது. விரலை எடுத்தான். வரிசை மறைந்தது. முதலாளி மறுபடியும் தட்டு அளவு முகத்தோடு சிரித்தார்.

"ஒரு போன் பண்ணணும்."

"யாருக்கு?"

"என் பொண்டாட்டியோட தம்பிக்கு."

"எதுக்கு, வாய்க்கரிசி போடச் சொல்லவா? பேசு. என் கண்ணு முன்னால பேசு."

மச்சான் உடனே எடுத்தான்.

"சொல்லுங்க மாமா."

"மச்சான், போன மாசம் உங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ உன் லேப்டாப்பை இரவல் வாங்கினேன்ல. அதுல கிராஃப் போடுற புரோகிராம் துண்டு ஒண்ணு இருந்துச்சு. அது நீ காசு கொடுத்து வாங்கினதா?"

"எந்தத் துண்டு... அட, அதுவா! அது டிரையல் மாமா. சும்மா பார்க்கலாம்னு போட்டேன். ஒரு மாசம் ஓடும். நீங்கதான் லைசென்ஸ் வாங்கி வச்சிருக்கீங்கள்ல, நான் எதுக்கு வாங்கணும்? ஏன் மாமா, மூச்சு வாங்குது? மாடி ஏறுறீங்களா?"

"ஆமா," என்று சொல்லிப் போனை வைத்தான்.

எல்லாம் ஒரு படத்துக்காக. பாரம் ஏறி இறங்குவதைக் கோடு போட்டுக் காட்டும் கிராஃப் வேண்டும் என்று முதலாளி கேட்டபோது, அதை உட்கார்ந்து எழுத நேரமில்லாமல் வேறொரு கம்பெனி செய்து விற்கும் துண்டை வாங்கித் தன் புரோகிராமுக்குள் பதித்திருந்தான். முறையாகத்தான் வாங்கினான். ஆனால் அந்த லைசென்ஸ் அவன் வீட்டு மெஷினுக்கு. எழுதியதை ஓடுகிற புரோகிராமாகக் கட்டி முடிக்கும்போது எந்த மெஷினில் கட்டுகிறோமோ, அந்த மெஷினில் இருக்கும் லைசென்ஸ்தான் உள்ளே ஒட்டிக்கொண்டு போகும். அங்கே டிரையல் இருந்தால் டிரையல்தான் ஒட்டும். இது அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவனே சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

மாமனார் ஐ.சி.யூவில் கிடந்தபோது முதலாளி போன் மேல் போன் போட்டார். என் முகம் சின்னதா இருக்கு, ஆடிட்டர் வர்றார், பெரிசாக்கு. வீட்டுக்குப் போய் வர நேரமில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே மச்சானின் லேப்டாப்பில் முகத்தைப் பெரிசாக்கி, புரோகிராமைக் கட்டி அனுப்பினான். அன்றைக்கு ஓடியது. அடுத்த வாரமும் ஓடியது. நடுவில் பாரம் ஏறியபோதெல்லாம் கிராஃபைக் காட்டி பெல்ட்டை நிறுத்தவும் செய்தது. டிரையல் என்பது அதுதான்: கெடு முடிகிறவரை நல்ல பிள்ளை. கெடு முடிந்த பிறகு பாரம் ஏறிய முதல் சமயம், தம்பியின் கை உள்ளே இருந்தது.

இதற்கும் மேலே ஒன்று இருந்தது. பாரம் ஏறினால் செய்ய வேண்டிய வேலை இரண்டு. கிராஃபைக் காட்டு. பெல்ட்டை நிறுத்து. எந்த வரியை முதலில் எழுதினோம்? முதலாளிக்குச் செய்து காட்டிய அன்று, கோடு ஜிவ்வென்று ஏறி அப்புறம் பெல்ட் நின்றால் பார்க்க நன்றாக இருக்கும் என்று, கிராஃபை முதல் வரியில் வைத்தான். நிறுத்து என்பது அதற்கு அடுத்த வரி. முதல் வரி பெட்டியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த வரி இன்னும் வரவில்லை. நேற்றிலிருந்து வரவில்லை.

அவனுடைய அப்பா மூட்டை சுமந்தவர். சுமை இறக்கும்போது இரும்புக் கொக்கி ஒருவன் உள்ளங்கையைத் துளைத்து மறுபக்கம் வந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறான். அந்த ஆள் அதன்பிறகு சந்தையில் பிச்சை எடுத்தான். கை போனால் மனுஷன் போனான். கம்ப்யூட்டருக்கும் அதேதான். பத்து விரல்தான் அவன் குடும்பத்துக்குச் சோறு.

கீபோர்டில் எண்டர் விசை அவனுடைய சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. தட்டினால் போதும். பெட்டி போய்விடும். அது நின்ற தடயம்கூட இருக்காது. அப்புறம் சொல்லலாம்: மெஷின் சரியாத்தான் இருக்குண்ணே, பட்டனை அமுக்கலை போல. அக்காவின் உதடு ஏற்கனவே வீங்கித்தானே இருக்கிறது.

அந்த நேரம் ஃபிட்டரின் போன் அடித்தது. போனில் வந்த பேரைப் பார்த்தான். "ஆஸ்பத்திரி," என்று சொல்லிவிட்டு வெளி வராந்தாவுக்குப் போனான். போகிறவன் ஸ்பேனரை விட்டுவிட்டுப் போகவில்லை.

அவன் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கக் கதவு வழியாக முதலாளி வந்தார். பின்னால் டிரைவர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. முதலாளி உடைந்த டிராயரைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை.

"என்னப்பா, கண்டுபிடிச்சிட்டியா?"

"பார்த்துட்டு இருக்கேன் சார்."

குனிந்து காதோடு பேசினார். வாயில் ஏலக்காய் வாசனை. "இங்க பாரு. எதையும் நோண்டாதே. அணைச்சுப் போடு, திரும்ப ஓடும். அந்தப் பொம்பளை தூங்கிட்டா, முடிஞ்சு போச்சு. அவளுக்குப் பெரிய தண்டனை எல்லாம் வராது. நீ தப்புன்னா உனக்கும் கேஸு, எனக்கும் கேஸு. ரெண்டு பேரும் ஒரே படகுல இருக்கோம்."

"படகு ஓட்டைன்னா ரெண்டு பேரும்தான் முங்கணும் சார்," என்றாள் அக்கா. அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. இத்தனை வருஷ இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கக் கற்றிருந்தாள்.

"நீ வாயை மூடு. தூங்குமூஞ்சி."

அவள் எழுந்து வந்து கம்ப்யூட்டருக்கு எதிரில் நின்றாள். உதட்டில் வெடித்த இடத்தில் ரத்தம் கறுப்பாகக் காய்ந்திருந்தது.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் அமுக்கினேனா இல்லையா? எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு. ராத்திரி பூரா யோசிச்சேன். ஒருவேளை தப்பான இடத்துல அமுக்கிட்டேனோ? அந்தப் பையன் கத்தினது கேக்கலை, வாய் மட்டும் தெரிஞ்சுது. நான் அமுக்கிட்டே இருந்தேன்னுதான் நினைக்கிறேன். அமுக்கினேனா?"

கம்ப்யூட்டர் எண்டர் விசையைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"அமுக்கினீங்கக்கா," என்றான். "சரியான இடத்துலதான் அமுக்கினீங்க. அது உங்களைத் தொட விடலை."

வராந்தாக் கதவு சுவரில் மோதித் திறந்தது. ஃபிட்டர் நின்றான். போனை இன்னும் காதிலேயே வைத்திருந்தான். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"எடுத்துட்டாங்க," என்றான். "முழங்கைக்குக் கீழ எடுத்துட்டாங்களாம். முழிச்சதும் எங்கடா என் கைன்னு கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?"

அவன் கம்ப்யூட்டரிடம் வந்தான். "நீ சொல்லு. என்ன சொல்லட்டும்?"

கம்ப்யூட்டர் இரண்டு விசைகளையும் மறுபடி அமுக்கிப் பிடித்தான். வரிசை வந்தது. சின்னப் பெட்டியின் மேல் மவுஸ் அம்பை நிறுத்தினான். பெரிய திரை கண்ணாடி மாதிரி வெளிறிப்போக, முதலாளியின் முகத்துக்குப் பின்னால் அந்த வெள்ளைப் பெட்டி முழுசாகத் தெரிந்தது. நான்கு வரி இங்கிலீஷ். கீழே ஒரே ஒரு பட்டன்.

"இதுதாண்ணே," என்றான். "கிராஃப் போடுறதுக்கு வெளியில இருந்து வாங்கின துண்டு. அதுக்கு லைசென்ஸ் வேணும். என்கிட்ட இருக்கு. ஆனா கடைசியா நான் புரோகிராமைக் கட்டினது லைசென்ஸ் இல்லாத மெஷின்ல. டிரையல் முடிஞ்சு போச்சு. பாரம் ஏறினதும் கிராஃபைக் கூப்பிட்டுச்சு. கிராஃப், 'காசு கட்டலை, சரின்னு அமுக்கு'ன்னு கேட்டுட்டு நின்னுடுச்சு. இந்தப் பெரிய திரை அதை மறைச்சிடுச்சு. அக்கா எதை அமுக்கினாலும் ஏறாது. கீபோர்டு இருந்து எண்டரைத் தட்டியிருந்தா போயிருக்கும். கீபோர்டு டிராயர்ல."

"சரின்னு அமுக்கணுமா?" என்றான் ஃபிட்டர். "அதுக்கா நின்னுச்சு? என் தம்பி கையை உள்ள வச்சுட்டு, காசுக்கா நின்னுச்சு?"

"ஆமாண்ணே."

"யார் கட்டினது?"

"நான்."

ஸ்பேனர் மேலே போனதை அவன் பார்த்தான். வலது கை மவுஸில் இருந்தது. எடுத்தால் பெட்டி மறைந்துவிடும் என்று எடுக்கவில்லை. இடது கை விசைகளின் மேல் இருந்தது. ஸ்பேனர் இடது கையில் இறங்கியது. முதலில் சத்தம்தான் கேட்டது. காய்ந்த சுள்ளியை முட்டியில் வைத்து முறிக்கும் சத்தம். அப்புறம் விசைகள் பல் மாதிரித் தெறித்து விழுந்தன. அப்புறம்தான் வலி வந்தது. வந்த வலி விலாவையும் கூட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். மோதிர விரல் தப்பான திசையைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஃபிட்டர் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான். "வாடா. பெல்ட்டுக்கு வா. வலது கையைக் கொண்டு வா."

"போலீஸ் பார்த்துக்கும், விடு அவனை!" என்று கத்தினார் முதலாளி. கத்திக்கொண்டே மேஜைக்குப் பாய்ந்தார். அவர் பார்வை ஃபிட்டர் மேல் இல்லை. கீபோர்டின் பாதி இன்னும் நல்லபடியாக இருந்தது.

"தொடாதீங்க!" என்று அக்கா நாற்காலியை எடுத்து வீசினாள். அது டிரைவரின் முகத்தில் பட்டது. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளைச் சுவரோடு தள்ளினான். அவள் தலை மோதிய இடத்தில் காலண்டர் கிழிந்து விழுந்தது. அவள் விடவில்லை. மூக்கைப் பிடித்த கையையே கடித்தாள். டிரைவர் குழந்தை மாதிரி அலறினான்.

அதற்குள் முதலாளி எண்டரைத் தட்டிவிட்டார்.

திரைக்குப் பின்னால் நின்ற பெட்டி போய்விட்டது. எதுவும் இல்லாத சுத்தமான திரை. முதலாளி நிமிர்ந்தார். "எங்கேப்பா பெட்டி? ஒரு பெட்டியும் இல்லையே. இவன் கதை விடுறான்."

திரையில் கிராஃப் வரைய ஆரம்பித்தது. சிவப்புக் கோடு ஒன்று தரையிலிருந்து புறப்பட்டு ஜிவ்வென்று மேலே ஏறியது; செய்து காட்டிய அன்று ஏறியது போலவே, பார்க்க அழகாக. உச்சியைத் தொட்டது. அடுத்த வரிக்கு வழி கிடைத்தது. சுவரில் இருந்த மின்பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் விழுந்தது. திரை முழுக்கச் சிவப்பாகி, பெரிய எழுத்தில் வந்தது:

அதிக பாரம். பெல்ட் நிறுத்தப்பட்டது.

நின்றிருந்த கடிகாரம் ஒரு குதி குதித்து இன்றைய நேரத்துக்கு வந்தது.

டிரைவர்கூட அலறலை நிறுத்தினான். அக்கா சுவரோரம் உட்கார்ந்தபடி, வாயிலிருந்து அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். அது சிரிப்பா என்று தெரியவில்லை.

"இப்போ நிறுத்துதாம்," என்றாள். "ஏய், பாருங்கடா. இப்போ நிறுத்துதாம்."

ஃபிட்டர் காலரை விட்டான். கம்ப்யூட்டர் சரிந்து விழுந்தான். ஃபிட்டர் அந்தச் சிவப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தான். அப்புறம் முதலாளியின் பக்கம் திரும்பினான்.

"நீங்க எதுக்கு சார் அதைத் தட்டினீங்க?"

"கை பட்டுடுச்சு..."

"கீபோர்டை எதுக்கு சார் பூட்டி வச்சீங்க?"

முதலாளி கதவுப் பக்கம் நகர்ந்தார். நகர்ந்துகொண்டே, பயத்தில் தன்னிடம் இருந்த கடைசிக் கல்லையும் எறிந்தார். "என்னை மட்டும் கேளு! பெல்ட் பக்கத்துல சிவப்பு பட்டன் இருந்துச்சே, ஆபத்துக்கு அமுக்குற பட்டன். உன் தம்பி அதை அமுக்கியிருப்பான்ல? ஏன் நிக்கலை? அந்த ஒயரை முறுக்கி விட்டது யாரு? நீதானேடா!"

அது உண்மை. தூசி படிந்தால் சிவப்பு பட்டன் தானாகக் கரண்டை வெட்டிவிடும். மணிக்கு மணி பெல்ட் நிற்கும். ஒயரைச் சேர்த்து முறுக்கி அதை ஊமையாக்கு என்று முதலாளி சொன்னார். ஃபிட்டர் முறுக்கினான். அதற்கப்புறம் அந்தப் பட்டன் சும்மா சிவப்பாக இருந்தது.

ஃபிட்டர் தன் கையைப் பார்த்தான். எண்ணெய்க் கறுப்பு ஏறிய விரல்கள். இன்று அவன் அடித்த ஒவ்வொரு அடியும் எங்கே போய் விழ வேண்டியது என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. கம்ப்யூட்டர் அதைக் கீழே கிடந்தபடி பார்த்தான். மண்வெட்டிக் காம்பு ஏன் அவ்வளவு வேகமாக வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

"நான்தான் முறுக்கினேன்," என்றான் ஃபிட்டர். "நீ சொன்னே. நான் முறுக்கினேன்."

முதல் அடி முதலாளியின் தாடையில் விழுந்தது. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் கையாலேயே அடித்தான். இரண்டாவது அடிக்கு முதலாளி மேஜையில் சாய்ந்தார். திரை உருண்டு விழுந்து, சிவப்பு எழுத்துகள் கோடு கோடாகி அணைந்தன. மூன்றாவதிலிருந்து ஃபிட்டரின் விரல்மூட்டுகளே கிழிந்து ரத்தம் வந்தது. யாருடைய ரத்தம் யார்மேல் என்று பிரிக்க முடியாமல் ஆன பிறகும் அடித்துக்கொண்டிருந்தான். கல் சுமக்கிறவர்கள் ஓடிவந்து நான்கு பேராகப் பிடித்து இழுத்தபோது, இழுக்கிறவர்களையும் அடித்தான். போலீஸ் ஜீப் களத்துக்குள் வந்தபோது நான்கு பேரும் அவன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் ஒரு கையால் எழுதினான். எந்த மெஷினில் கட்டினான், எந்த வரியை முதலில் வைத்தான் என்பதையும் எழுதினான். அதை யாரும் கேட்டிருக்கவில்லை. ஆபரேட்டர் நிறுத்துப் பட்டனை அமுக்கினார் என்று தனியாக ஒரு வரி எழுதிக் கோடு போட்டான். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "லைசென்ஸ்னா டிரைவிங் லைசென்ஸா?" என்று கேட்டார். பிறகு விசாரிக்க ஆள் அனுப்பினார்கள். முதலாளி மேலும் ஃபிட்டர் மேலும் கம்ப்யூட்டர் மேலும் வழக்கு வந்தது. அக்காவின் பெயரை எடுத்துவிட்டார்கள். தம்பியின் மனைவி அக்கா வீட்டு வாசல் வரை வந்து, உள்ளே வராமல், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாளாம்.

விரல்களுக்குத் தகடு வைத்துக் கட்டிய கையோடு கம்ப்யூட்டர் வீட்டில் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினான். இரண்டு வரிகளையும் இடம் மாற்றினான். முதலில் நிறுத்து, அப்புறம் எதை வேண்டுமானாலும் காட்டு. எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் வழக்கத்தை எடுத்தான். மச்சானின் லேப்டாப்புக்கும் சேர்த்து லைசென்ஸ் வாங்கினான். துண்டு விற்ற கம்பெனிக்கு நடந்ததை எழுதினான். 'தங்கள் பிரச்சினை தீர்ந்தது என நம்புகிறோம்' என்று பதில் வந்தது. அதை மனைவி படித்துவிட்டு, லேப்டாப் மூடியை அறைந்து மூடினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக அவனுக்குக் கால் வரவில்லை. போனான்.

வார்டின் கடைசிக் கட்டிலில் தம்பி படுத்திருந்தான். ஃபிட்டர் ஜாமீனில் வந்து பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தான். அவன் விரல்மூட்டுகளில் பொருக்கு கட்டியிருந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்தும் எழவில்லை.

"நீங்கதான் கம்ப்யூட்டரா?" என்றான் தம்பி. "நான் கண்ணாடி போட்டு, தொப்பையோட யாராவது இருப்பாங்கன்னு நினைச்சேன். எங்கண்ணன் மாதிரியே எலும்பா இருக்கீங்க." தகட்டுக் கட்டைப் பார்த்தான். "எங்கண்ணன் வேலையா?"

"ஆமா."

"ஸ்பேனர்ல எதை இறுக்கணும்னு இவனுக்கு எப்பவுமே தெரியாது."

சிரித்தான். சிரிக்கும்போது இல்லாத கையைத் தூக்கி வாயைத் துடைக்கப் போனான். கட்டு மட்டும் கொஞ்சம் எழுந்து, எதையும் தொடாமல், மெத்தையில் விழுந்தது. சிரிப்பு நின்றது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு மட்டும் குலுங்கியது.

கம்ப்யூட்டர் நின்றுகொண்டே இருந்தான். ஃபிட்டர் ஆரஞ்சுச் சுளைகளின் நாரை ஒவ்வொன்றாக உரித்தான். உரித்த சுளையைத் தம்பியின் இடது கைக்கு எட்டும் இடத்தில் வைத்தான்.

"அந்த லைசென்ஸுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிட்டியா?" என்று தலை நிமிராமல் கேட்டான்.

"கட்டிட்டேண்ணே."

"முழுசா?"

"முழுசா. அவங்களுக்குப் பாக்கி இல்லை."

ஃபிட்டர் தலையை ஆட்டினான். தோலைக் காகிதத்தில் சுருட்டி மடித்தான். பிறகு தம்பியின் கட்டுப் போட்ட பாதிக் கையைக் கண்ணால் காட்டினான்.

"இவனுக்கு ஒரு கை பாக்கி இருக்கு. வலது கை. நீ ஒரு பங்கு, அந்தாளு ஒரு பங்கு, நான் ஒரு பங்கு. மூணு பேரும் சேர்ந்து தரணும்."

"தெரியும்ணே," என்றான் கம்ப்யூட்டர்.